மெழுகுக் கட்டியைத் தின்ற பின்னும் எலி மடியவில்லை: இது எதிர்ப்புத் தன்மையா, எங்கள் பிழையா?

கந்தப்பளை மரக்கறிக்காரன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நுவரெலியாவிலிருந்து இராகலைக்குப் போகும் வழியில், கந்தப்பளைக்கு அருகே அரை ஏக்கர் காணியில் உருளைக்கிழங்கு, கரட், லீக்ஸ், கோவா ஆகியவற்றை மாற்றி மாற்றிப் பயிரிட்டு வருகிறேன். காணியின் ஒரு பக்கம் தேயிலை மலை, மறுபக்கம் ஓடை. மேற்புறத்தில் எங்கள் லயமும் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடும்) அதையொட்டி ஒரு கோழிக்கூடும் இருக்கின்றன. சென்ற போகத்தில் கிழங்கைத் தோண்டியபோது ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மண்ணுக்குள்ளேயே குடையப்பட்டுக் கிடந்தது. விதைக்கிழங்கு விற்கும் விலையை அறிந்தவர்களுக்கு இதன் பொருளை நான் விளக்கத் தேவையில்லை.

மூன்று ஆண்டுகளாக ஒரே மருந்தையே வைத்து வருகிறேன். நீல நிற மெழுகுக் கட்டி. உறையில் புரோமடியோலோன் 0.005 சதவீதம் என்று அச்சிடப்பட்டிருக்கிறது. முதல் ஆண்டில் ஒரு வாரத்துக்குள் வரப்போரங்களில் செத்த எலிகளைக் கண்டேன். இரண்டாம் ஆண்டில் அது குறைந்தது. இந்த ஆண்டு எட்டு இடங்களில் கட்டி வைத்தேன்; மறுநாட் காலையில் எட்டும் காணாமற் போயிருந்தன, ஆனால் எலி மட்டும் காணாமற் போகவில்லை. கடைக்காரர் “எலிக்கு மருந்து பழகிவிட்டது” என்று சொல்லி, விலை கூடிய வேறொரு பெட்டியை எடுத்து நீட்டுகிறார். பக்கத்துக் காணிக்காரர் பூச்சி மருந்தைக் கருவாட்டில் தடவி வைக்குமாறு ஆலோசனை கூறுகிறார்.

நான் கேட்க விரும்புவது, இந்த மருந்துக்கு எலி உண்மையிலேயே எதிர்ப்புத் தன்மையைப் பெற முடியுமா, முடியுமென்றால் அதை என் காணியில் நானே எவ்வாறு கண்டறிவது என்பதே. சிறிய சந்தேகமொன்றும் உண்டு. என் தந்தைக்கு இதய வால்வு மாற்றிய பிறகு வோர்பரின் குளிசை கொடுக்கிறார்கள். கீரையில் உள்ள விற்றமின் கே குளிசையின் வேலையைக் குறைக்குமாதலால், ஒரு நாள் நிறையவும் மறுநாள் இல்லாமலும் கீரை சாப்பிட வேண்டாம் என்று கிளினிக்கில் தாதி அவருக்குச் சொல்லியிருக்கிறார். எலி மருந்தும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது என்றால், என் கோவாவையும் லீக்சையும் கடிக்கும் எலி தனக்குரிய மாற்று மருந்தையும் என் காணியிலேயே தின்றுகொள்கிறதா? சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.


பண்டாரவளை ஓய்வுபெற்ற போதனாசிரியர் எழுதியது:

தம்பி, உங்கள் கேள்வியில் சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. கீரை பற்றிய கேள்விக்கு என்னைவிட நன்றாக விடை கூறக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள். நான் காணியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். விவசாயப் போதனாசிரியராக இருந்த காலத்தில் “மருந்து பழகிவிட்டது” என்ற முறைப்பாட்டைக் கேட்டுப் போன காணிகளில் பெரும்பாலானவற்றில், எலிக்கு மருந்து பழகியிருக்கவில்லை. மருந்து வைக்கும் முறைதான் எலிக்குச் சாதகமாக இருந்தது. ஆகவே எதிர்ப்புத் தன்மை என்ற முடிவுக்கு வருவதற்கு முன் மற்றக் காரணங்களை ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்க்க வேண்டும்.

முதலில் கிழங்கைக் குடைந்தது எலிதானா என்று பாருங்கள். வெட்டுப்புழுவும் வெண்புழுவும் கிழங்கைத் துளைக்கும், ஆனால் அந்தத் துளையின் ஓரத்தில் பற்பதிவு இருக்காது. எலி குடைந்த இடத்தில் இரண்டு உளிப்பற்களின் இணைக்கோடுகள் நெருக்கமாகத் தெரியும். அதே கோடுகள் மிக அகலமாக இருந்து, செடியும் கிளறி எறியப்பட்டிருந்தால் அது முள்ளம்பன்றியின் வேலை. எலிதான் என்று உறுதியானால், எந்த எலி என்பது அடுத்த கேள்வி. வளை வாயில் மண்ணைக் குவித்து, உள்ளே போனதும் வாயை மண்ணால் அடைத்துக்கொள்வது அகழான். லயத்துக் கூரையிலும் மதிலிலும் ஏறித் திரிவது வீட்டெலி. இது வெறும் பெயர் வேறுபாடு அன்று, ஏனென்றால் அகழான் தீனியைக் கண்ட இடத்தில் தின்று முடிக்காமல் வளைக்குள் இழுத்துச் சென்று சேர்த்து வைக்கும் பழக்கமுடையது. மறுநாட் காலையில் எட்டுக் கட்டிகளும் காணாமற் போனதை நீங்கள் “தின்றுவிட்டது” என்று படித்திருக்கிறீர்கள். நான் அதை “எடுத்துச் சென்றது” என்றுதான் படிக்கிறேன்.

அடுத்தது நேரம். இந்தக் குடும்பத்து நஞ்சுகள் எதுவும் உடனே கொல்வதில்லை. எலி மடிவதற்குப் பொதுவாக நான்கு நாளிலிருந்து பத்து நாள்வரை ஆகும். அந்தத் தாமதம் குறையன்று, திட்டமிட்ட வசதி: தின்றதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு விழும் நஞ்சாக இருந்தால், சிறிதளவு தின்று பிழைத்த எலி அந்தத் தீனியை மறுபடி தொடாது. சிங்க் பொஸ்பைட்டு வைத்த பழையவர்களுக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். ஆனால் தாமதத்தின் காரணமாக எலி பெரும்பாலும் வளைக்குள்ளேயே மடிகிறது. கண்ணுக்குப் பிணம் தெரியவில்லை என்பதால் மருந்து வேலை செய்யவில்லை என்று ஆகிவிடாது. மேலும், ஒரே இரவில் முடிந்துபோகும் எட்டுக் கட்டியைப் பெரும்பாலும் வலிய எலிகள்தாம் எடுக்கும், மெலிந்தவற்றுக்கும் பெட்டைகளுக்கும் மிஞ்சாது. நீங்கள் மறுநாளே வெற்றிடங்களை நிரப்பியிருந்தால் கதை வேறு. நிரப்பினீர்களா என்று உங்கள் குறிப்பில் இல்லை.

நம் மலையில் மழையும் மூடுபனியும் மருந்துக்குப் பெரும் பகை. அரிசியில் கலந்த மருந்து இரண்டு நாளில் பூஞ்சணம் பிடித்துவிடும்; மெழுகுக் கட்டி தாங்கும், ஆனால் நத்தையும் ஓடில்லா நத்தையும் எறும்பும் அதைக் கரம்பும். கட்டியில் பற்கோடு இல்லாமல் ஓரம் வழவழப்பாகக் கரைந்திருந்தால், நீங்கள் காசு கொடுத்து நத்தைக்கு விருந்து வைக்கிறீர்கள். உங்கள் அரை ஏக்கர் சுத்தமானாலும் தேயிலை மலைப் பக்கமிருந்தும் அடுத்த காணியிலிருந்தும் புது எலிகள் வந்து குடியேறும். ஒரு பெட்டை 21 தொடக்கம் 23 நாட் கர்ப்பத்தில் ஆறு, எட்டு என்று ஈனும். குட்டி இரண்டு மூன்று மாதத்தில் தானும் ஈனத் தொடங்கும். தனியாளாக மருந்து வைப்பவர், ஓட்டைப் படகில் தண்ணீர் இறைப்பவரைப் போன்றவர்.

எனவே இப்படிச் செய்து பாருங்கள். ஒரு மாலையில் காணியிலும் ஓடைக் கரையிலும் உள்ள எல்லா வளைகளையும் மண்ணால் அடைத்து, மறுநாட் காலையில் எத்தனை திறக்கப்பட்டுள்ளன என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கைதான் உங்கள் அடிப்படைக் கணக்கு. பிறகு நஞ்சில்லாத நெல்லையோ மாவையோ குறித்த இடங்களில் நான்கு நாள் வைத்து, ஒவ்வொரு நாளும் எவ்வளவு குறைந்தது என்று தராசில் நிறுத்து எழுதுங்கள். அதன் பிறகு மருந்தை, எட்டு இடமாக அல்லாமல் இருபத்தைந்து முப்பது இடங்களில், மழை படாத மூங்கிற் குழாய்க்குள் கம்பியால் கட்டி வையுங்கள். கட்டியிருந்தால் அகழான் இழுத்துச் செல்ல முடியாது. குறைந்ததை நாள்தோறும் நிரப்புங்கள். நீலச் சாயம் சேர்ந்த கட்டியைத் தின்ற எலியின் புழுக்கை நீலப்பச்சையாக இருக்கும். அது கிடைத்தால் உண்டது எலிதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். மூன்று வாரம் கழித்து வளை எண்ணிக்கையையும் நஞ்சில்லாத தீனியின் நிறையையும் மறுபடி எடுங்கள். நிறமான புழுக்கை தொடர்ந்து இருந்தும் தின்னும் அளவு குறையவே இல்லையென்றால், அப்போது நான் என் வாயை மூடிக்கொண்டு எதிர்ப்புத் தன்மையைப் பற்றி யோசிப்பேன்.

கருவாட்டில் பூச்சி மருந்தைத் தடவும் யோசனையை மட்டும் இப்போதே மறந்துவிடுங்கள். 1980 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கப் பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் எதற்கு இருக்கிறதோ, அதற்கு நேர் எதிரான செயல் அது. லயத்துப் பிள்ளையும் நாயும் கருவாட்டின் வாசனைக்கு எலியைவிட விரைவாக வருவார்கள்.


வெலிமடைக் கிழங்குக் கமம் எழுதியது:

ஐயா சொன்னவை எல்லாம் சரியாக இருக்கலாம், ஆனால் மூன்று வாரம் வளையை எண்ணிக்கொண்டிருக்கும்போது கிழங்கு முடிந்துவிடும். நான் புரோமடியோலோனை விட்டுவிட்டுப் புரோடிபக்கூமுக்கு மாறினேன். முதல் முறையிலேயே எலி அடங்கிற்று. ஒரு தரம் தின்றால் போதும் என்பதால் நிரப்பிக்கொண்டிருக்கும் வேலையும் குறைவு. நண்பர் கேட்ட கேள்விக்கு என் விடை, மருந்தை மாற்றுங்கள் என்பதே.

இழப்பும் ஒன்று உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் வீட்டு நாய் செத்த எலி ஒன்றைக் கடித்துத் தின்றிருக்க வேண்டும். ஒரு வாரத்துக்குப் பின் முரசு வெளிறி, மூக்கிலிருந்து குருதி வடிந்து செத்துப்போயிற்று. மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்ல நேரம் கிடைக்கவில்லை.


விலங்கியல் மாணவி எழுதியது:

வெலிமடை அண்ணா தம் நாயைப் பற்றி எழுதியிருப்பது, அவர் மருந்தைப் பற்றி எழுதியதற்கே மறுப்பாக அமைந்துவிட்டது என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் எதிர்ப்புத் தன்மை என்பது என்ன என்று சொன்னால்தான் மீதி விளங்கும்.

ஈரல், குருதியை உறையச் செய்யும் சில புரதங்களை (இரண்டாம், ஏழாம், ஒன்பதாம், பத்தாம் காரணிகளை) ஆக்குவதற்கு விற்றமின் கேயைப் பயன்படுத்துகிறது. ஒவ்வொரு முறை பயன்படும்போதும் அந்த விற்றமின் ஒட்சியேற்றப்பட்டுச் செலவாகிவிடுகிறது. அதை மறுபடி பயன்படும் வடிவத்துக்குக் கொண்டுவருவது ஒரு நொதியம். வோர்பரினும் புரோமடியோலோனும் புரோடிபக்கூமும் போய் உட்காருவது அந்த நொதியத்தின் மீதுதான். சுழற்சி நின்றதும், ஏற்கெனவே குருதியில் இருந்த காரணிகள் தீரும்வரை எலி நன்றாகவே நடமாடும். தீர்ந்த பின் உள்ளேயே குருதி கசிந்து இறக்கும். ஐயா சொன்ன நான்கிலிருந்து பத்து நாள் என்பது இந்தக் கையிருப்புத் தீரும் காலமே.

இந்த நஞ்சு பிறந்த கதை மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. 1920களில் வட அமெரிக்காவில் பழுதடைந்த இனிப்புத் தீவனப்புல்லைத் தின்ற மாடுகள் சிறு காயத்திலும் குருதி வடிந்து மாண்டன. விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் என்பவரின் குழு அதற்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்தது. அதன் வழியில் பிறந்த வோர்பரின் 1948இல் எலி மருந்தாக வந்தது, 1954இல் மனிதருக்கான மருந்தாக அனுமதிக்கப்பட்டது. உங்கள் தந்தையாரின் குளிசைக்கு எலிமருந்துதான் மூத்த உடன்பிறப்பு.

வோர்பரின் வந்து பத்தே ஆண்டில், 1958இல், ஸ்கொட்லாந்தின் பண்ணைகளில் அதைத் தின்றும் மடியாத எலிகள் தென்பட்டன. அடுத்துச் சிறிது காலத்திலேயே வேல்சிலும், 1962இல் டென்மார்க்கிலும், பின்னர் அமெரிக்காவிலும் அதே செய்தி வந்தது. காரணமான மரபணு 2004இல்தான் அடையாளம் காணப்பட்டது. மேலே சொன்ன நொதியத்தை ஆக்கும் அந்த மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. பல நாட்டு எலிகளில் அந்த நொதியத்தின் 139 ஆம் இடத்து அமினோவமிலம் வேறொன்றாக மாறியிருப்பது தெரிந்தது. மாற்றம் வேல்சில் ஒரு விதம், டென்மார்க்கில் ஒரு விதம், தென் இங்கிலாந்தின் ஹாம்ப்சயரில் வேறோர் இடத்தில் வேறொரு விதம். ஒரே விகாரம், அதாவது ஒரே மரபணு மாற்றம், உலகமெங்கும் பரவவில்லை. ஆங்காங்கே தனித்தனியாகத் தோன்றியது, அல்லது முன்னரே அரிதாக இருந்தது நஞ்சினால் பெருகியது.

இங்கேதான் “பழகிவிட்டது” என்ற சொல் நம்மைத் தவறான வழியில் நடத்துகிறது. ஓர் எலி சிறிது சிறிதாக நஞ்சைத் தின்று பழகி வலிமை பெறுவதில்லை. பிறக்கும்போதே அந்த மாற்றத்தோடு பிறந்த ஒன்றிரண்டு எலிகள் தப்புகின்றன. மற்றவை மடிந்த இடத்தில் அவற்றின் குட்டிகள் நிரம்புகின்றன. அப்படிப் பார்த்தால் ஆண்டுக்காண்டு ஒரே குடும்பத்து மருந்தை வைப்பது, எதிர்ப்பு எலிகளை நாமே பொறுக்கி வளர்ப்பதற்கு ஒப்பானது.

இந்த எதிர்ப்புக்கு எலி ஒரு விலை கொடுக்கிறது. மாறிய நொதியம் நஞ்சுக்கு எளிதில் பணியாது, ஆனால் தன் வழக்கமான வேலையையும் மந்தமாகவே செய்கிறது. அதனால் வேல்சின் எதிர்ப்பு எலிகளுக்குத் தீனியில் மற்ற எலிகளைவிடப் பல மடங்கு விற்றமின் கே தேவைப்பட்டது. நஞ்சு வைப்பதை நிறுத்திய இடங்களில் அவற்றின் விகிதம் மெல்லக் குறையவும் செய்தது. இப்போது கீரைக் கேள்விக்கு வருவோம். தந்தையாருக்குக் கொடுக்கும் அளவு, குருதி உறைவதைச் சற்றே தாமதப்படுத்தும் நுண்ணிய அளவு. அங்கே ஒரு பிடி கீரையும் கணக்கில் சேரும். எலிக்கட்டியில் உள்ளதோ சுழற்சியை முற்றாக நிறுத்துவதற்கான அளவு. கோவாவிலிருந்து வரும் விற்றமின் ஒரு முறை பயன்பட்டுச் செலவாகிவிடும், மீண்டு வராது. ஆகவே சாதாரண எலியைக் கோவா காப்பாற்றாது. ஆனால் எதிர்ப்பு எலிக்கு விற்றமின் கே நிறைந்த தீனி உண்மையாகவே கைகொடுக்கும். இந்த இடத்தில் நான் கோவாவைவிடக் கோழிக்கூட்டைத்தான் சந்தேகிப்பேன், ஏனென்றால் கோழித் தீவனத்தில் விற்றமின் கேயைச் சேர்த்தே விற்கிறார்கள்.

இனி மருந்தை மாற்றும் யோசனை. வோர்பரினுக்கு எதிர்ப்புப் பெற்ற எலிக்கு, அதே முதல் தலைமுறையைச் சேர்ந்த கூமாடெட்ரலிலையோ குளோரோபசினோனையோ வைப்பது, பூட்டிய கதவில் அதே திறப்பின் வேறு பிரதியைப் போடுவது போன்றது. எதிர்ப்பை வெல்வதற்காகவே 1970களில் டைபெனக்கூம், புரோமடியோலோன், புரோடிபக்கூம் போன்ற இரண்டாம் தலைமுறை நஞ்சுகள் வந்தன. ஆனால் சில விகாரங்கள் டைபெனக்கூமையும் புரோமடியோலோனையுங்கூடத் தாங்கிவிட்டன. புரோடிபக்கூம் பெரும்பாலான எதிர்ப்பு எலிகளைக் கொல்லும் என்பது உண்மை. ஆயினும் அது ஈரலில் மாதக்கணக்கில் தங்கும். மருந்தைத் தின்ற எலி மேலும் சில நாள் நடமாடித் தின்றுகொண்டே இருப்பதால், சாகும்போது தேவைக்கு மேற்பட்ட நஞ்சைச் சுமந்திருக்கிறது. அதைப் பிடிக்கும் ஆந்தைக்கும் சாரைப் பாம்புக்கும் காட்டுப் பூனைக்கும் அண்ணாவின் நாய்க்கும் அது போய்ச் சேருகிறது. எலியைப் பிடிக்கும் உயிர்கள் குறைந்தால் அடுத்த போகத்துக்கு நமக்குத்தான் நட்டம். நாய்க்கு அறிகுறி தோன்றியவுடன் விற்றமின் கே1 கொடுக்கத் தொடங்கினால் பிழைக்க வழி உண்டு, ஆனால் இந்த நஞ்சுக்கு வாரக்கணக்கில் கொடுக்க வேண்டியிருக்கும்.

மலேசியாவின் செம்பனைத் தோட்டங்களில் 1980களில் வோர்பரினுக்கு எதிர்ப்புப் பெற்ற எலிகள் அறியப்பட்டன. பெட்டி வைத்துக் கூகைகளைக் குடியேற்றும் முயற்சி அங்கே பெருகியதற்கு அதுவும் ஒரு காரணம். எதிர்ப்பு என்பது ஐரோப்பியப் பண்ணையோடு நின்றுவிடும் சங்கதி அன்று என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். வீட்டெலி இனம் வோர்பரினுக்கு இயல்பிலேயே சற்றுத் தாங்குதிறன் கூடியது என்பதையும், அது விகாரத்தால் வரும் எதிர்ப்பு அன்று என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓர் வேண்டுகோள். காட்டை ஒட்டிய காணியாக இருந்தால் காட்டுக்குள் மருந்தை எறியாதீர்கள். ஒகியா என்ற ஊரின் பெயரைச் சுமக்கும் ஒகியா எலியும், ஹோட்டன் சமவெளிப் பக்கத்து நெலு எலியும் இலங்கையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாதவை. இரண்டும் அழிவு அபாயத்தில் இருப்பவை. உங்கள் கிழங்கைக் குடைந்தவை அவையல்ல.


பிள்ளைக் காம்பரா ஆயா எழுதியது:

விலங்கியல் படிக்கும் மகள் எழுதியதைப் படித்த பிறகு எனக்கும் ஒன்று சொல்லத் தோன்றியது. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் காட்டுச் செடியான நெலு பூத்துக் காய்த்து அழிந்த ஆண்டுகளில் எலிகள் காட்டைவிட்டுக் கூட்டமாக இறங்கிக் கோப்பிச் செடியின் மொட்டையும் பூவையும் அழித்தன என்று, கோப்பிக் காலத்தில் இங்கே அதிகாரியாக இருந்த எமர்சன் டெனன்ட் எழுதி வைத்திருக்கிறார். ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலிவரை கொல்லப்பட்டதாகவும், தமிழ்த் தொழிலாளர் அவற்றைத் தேங்காயெண்ணெயில் பொரித்தும் கறியாக்கியும் தின்றதாகவும், அதற்காகவே எலி மிகுந்த தோட்டங்களை விரும்பியதாகவும் அவர் குறிப்பிடுகிறார். அவருக்கு அது வேடிக்கையாகத் தெரிந்திருக்கிறது. அரிசி அளந்து கொடுக்கப்பட்டவர்களுக்கு அது வேடிக்கையாக இருந்திருக்காது. நான் சொல்ல வந்தது அதுவன்று. நாளுக்கு ஆயிரத்தைக் கொன்றும் எலி தீரவில்லை, ஏனென்றால் வந்த வழி திறந்தே இருந்தது.

தோட்டத்துப் பிள்ளைக் காம்பராவில் இருபத்தெட்டு ஆண்டு வேலை செய்தவள் என்ற முறையில் ஒரே கண்டிப்பு. கட்டி மருந்தின் நீல நிறம் பிள்ளைகளுக்கு இனிப்புப் போலத் தெரியும். லயத்துக் கூரைக்கு மேல் வைத்தால் அது கீழே படுத்திருக்கும் பிள்ளையின் பாயில் ஒரு நாள் விழும். கட்டாமல் எங்கும் வைக்காதீர்கள். லயத்துக்குள் பொறியே போதும்.


கந்தப்பளை மரக்கறிக்காரன் எழுதியது:

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும். போதனாசிரியர் ஐயா சொன்னபடியே செய்தேன், ஆனால் தனியாகச் செய்யவில்லை. மேல் காணிக்காரரையும் ஓடைக்கு அப்பால் உள்ள இரண்டு பேரையும் அழைத்துப் பேசி, நால்வரும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் தொடங்கினோம். கருவாட்டுக்காரர் அந்த யோசனையைத் தாம் சொல்லவே இல்லை என்று இப்போது சாதிக்கிறார்.

பெரும்பாலான இடங்களில் என் பிழைதான். முதல் எண்ணிக்கையில் என் காணியிலும் ஓடைக் கரையிலுமாக 46 வளைகள் திறந்திருந்தன. ஒரு வளையைத் தோண்டியபோது சென்ற மாதம் வைத்த கட்டிகளில் மூன்று, கடிபடாமலே, கரட் துண்டுகளோடு அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஐயா அதை அருகிலிருந்து பார்த்ததுபோல் எழுதியிருந்தார். ஓடைப் பக்கத்துக் கட்டிகளில் பாதி நத்தைக்குப் போயிருந்தது. மூங்கிற் குழாய்க்குள் கட்டி வைத்து, பதினான்கு நாளும் நிரப்பி, மூன்றாம் வாரம் எண்ணியபோது திறந்த வளைகள் 9. அதே மருந்து, அதே 0.005 சதவீதம்.

ஆனால் அந்த 9 வளைகளில் ஏழு கோழிக்கூட்டைச் சுற்றியே இருக்கின்றன. அங்கே மட்டும் கதை வேறாக இருக்கிறது. ஆறு குழாய்களில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 90 கிராம் மருந்து குறைந்தது. முதல் வாரமும் அவ்வளவே, மூன்றாம் வாரமும் அவ்வளவே. கட்டியில் பற்கோடு தெளிவாக இருக்கிறது, நீலப்பச்சைப் புழுக்கை நாள்தோறும் புதிதாக விழுகிறது. தீவன மூட்டையைத் தகர டிரம்முக்குள் மாற்றி, சிந்தியதைக் கூட்டி எடுத்த பிறகும் மருந்து தின்னும் அளவு கூடியதே தவிர, எலி குறையவில்லை. மற்ற இடத்தில் வேலை செய்த மருந்து, இருபது பாகத் தூரத்துக்கு இப்பால் வேலை செய்யாமல் இருக்கிறது. அங்கே வைத்திருந்த மருந்தை முழுவதும் எடுத்துவிட்டேன். விலை கூடிய பெட்டியையும் வாங்கவில்லை. இப்போது கூட்டுப் பொறிகள் நான்கு வைத்திருக்கிறேன், நேற்றுவரை பதினொன்று பிடிபட்டன. எல்லாம் நீண்ட வாலுடைய வீட்டெலிகள், அகழான் ஒன்றுகூட இல்லை. இதை நான் எப்படி எடுத்துக்கொள்வது?


பண்டாரவளை ஓய்வுபெற்ற போதனாசிரியர் எழுதியது:

சொன்னபடி வாயை மூடிக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர: பக்கத்திலிருந்து நாள்தோறும் புது எலி வந்து தின்றாலும் இதே கணக்கு வரும். கூட்டுக்கும் லயத்துக்கும் இடையில் உள்ள பழைய கல்மதிலைப் பாருங்கள். பொறியை விடாதீர்கள்; விகாரம் எதுவாக இருந்தாலும் கூட்டுப் பொறிக்கு எதிர்ப்பு உண்டாவதில்லை. பொறியையும் செத்த எலியையும் வெறுங்கையால் தொடாதீர்கள், 2008இல் நாட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு எலிக்காய்ச்சல் சந்தேகிக்கப்பட்டது நினைவிருக்கட்டும்.


விலங்கியல் மாணவி எழுதியது:

ஐயாவின் ஐயம் நியாயமானது. அதைத் தீர்க்க இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, பிடித்த எலிகளுக்கு அளந்த நஞ்சைக் குறித்த நாள்கள் ஊட்டிப் பார்ப்பது. அது ஆய்வுகூடத்தில் செய்ய வேண்டியது, வீட்டில் வேண்டாம். மற்றது மரபணுவையே படித்துப் பார்ப்பது, அதற்கு உயிருள்ள எலி தேவையில்லை. பிடிபட்ட எலிகளை எறிந்துவிடாமல் ஒவ்வொன்றின் வால் நுனியிலும் ஒரு சென்ரிமீற்றர் வெட்டித் தனித்தனிப் புட்டியில் போடுங்கள். ஒரே புட்டியில் எல்லாவற்றையும் சேர்த்தால் பயனில்லை. கோழிக்கூட்டுப் பக்கத்து எலியோடு ஒப்பிட, தேயிலை மலைப் பக்கத்தில் பிடித்த எலி ஐந்தாறு இருந்தால் மிகவும் நல்லது. எங்கள் விரிவுரையாளரிடம் இன்று பேசினேன்; பார்ப்பதாகச் சொன்னார்.


கந்தப்பளை மரக்கறிக்காரன் எழுதியது:

நன்றி தங்கச்சி. என்னிடம் குளிர்சாதனப் பெட்டி இல்லை, இருந்தாலும் வீட்டில் அதற்கு அனுமதி கிடைக்காது. வாலை எதில் போட்டு வைப்பது?


விலங்கியல் மாணவி எழுதியது:

மருந்துக் கடையில் கிடைக்கும் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் போதும், அண்ணா. வால் முழுவதும் அமிழ்ந்திருக்க வேண்டும், குளிரூட்டத் தேவையில்லை. புட்டியில் பேனையால் எழுதினால் ஸ்பிரிட் பட்டு அழிந்துவிடும். திகதியையும் பிடித்த இடத்தையும் பென்சிலால் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதிப் புட்டிக்குள்ளேயே போடுங்கள்.